ரஸாயன ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்

தேசத் தொண்டு என்றவுடன் நம்மில் பலருடைய மனக்கண்முன் பிரசங்க மேடையும், ஊர்வலமும், சிறைச்சாலையுமே தோன்றுகின்றன. அவை தொண்டின் உயர்ந்த துறைகளே என்பதைப் பற்றி நமக்கு மாற்று அபிப்பிராயம் கிடையாது. ஆயினும் ஒரு தேசம் மேடைகளால் மட்டும் உயர்ந்து விடுவதில்லை. அதன் ஜனங்கள் உண்ணும் நெய் சுத்தமானதுதானா, நோயாளி அருந்தும் மருந்து உரிய அளவில் அமைந்ததுதானா என்று பகுத்துப் பார்த்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களைப் பயிற்றுவிக்க ஆசிரியர் வேண்டும். அவர் கற்பிக்க ஒரு ரஸாயன சாலை வேண்டும். அங்கே பயின்றோர் பட்டினி கிடவாமல் பிழைப்பதற்கு ஒரு தொழிற்சாலையும் வேண்டும். இந்நான்குக்கும் தம் ஆயுட்காலத்திலேயே அஸ்திவாரமிட்டு, அவற்றால் தமக்கென்று ஒன்றும் சேர்த்து வைக்காமல் மறைந்த ஒருவரை நாம் இன்று நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் வங்காளம் பெற்ற ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராய்.

ராய் 1861-ம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 2-ந் தேதி ராருலி என்னும் கிராமத்தில் பிறந்தார். அது அக்காலத்து ஜெஸ்ஸோர் ஜில்லாவைச் சேர்ந்தது. பின்னர் குல்னா ஜில்லாவில் அடங்கிற்று. இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. தந்தை ஹரிஷ் சந்திர ராய் நிலச்சுவான்தார், புதுக்கருத்துக்களை வெறுக்காதவர், வீட்டிலே நல்லதொரு புத்தக சாலை வைத்திருந்தவர். பிள்ளைகளின் படிப்பை உத்தேசித்து 1870-ல் அவர் குடும்பத்துடன் கல்கத்தாவில் வந்து குடியேறினார். பிரபுல்லர் ஹேர் பாடசாலையில் சேர்ந்தார். ஆனால் 1874-ல் கொடிய சீதபேதி கண்டு படிப்பை நிறுத்த நேர்ந்தது. உயிர் பிழைத்தாரேயன்றித் தேகம் பழைய நிலைமைக்கு வரவில்லை. அஜீரணமும் நித்திரையின்மையும் ஆயுள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. வேறொரு பையனாயிருந்தால் அந்த இரண்டு வருஷத்தை வீணென்றே கழித்திருப்பான். இவரோ தந்தையின் புத்தக சாலையில் புகுந்து, ஆசிரியர் எவருமின்றி லத்தீன் பாஷையும் சரித்திரமும் கற்கத் தொடங்கினார். கட்டுப்பாட்டுக்குப் பயந்து படிப்பதற்கும் விருப்பத்தால் படிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர் நோய்ப்படுக்கையில் அறிந்து கொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

பின்னர் ஆல்பர்ட் பாடசாலையில் படித்துப் பிரவேசப் பரீக்ஷையில் தேறி, வித்தியாசாகரர் ஸ்தாபித்த மெட்ரோபாலிட்டன் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஸயன்ஸுக்கு வசதி இல்லாமையால், ரஸாயனப் பாடத்துக்கு மட்டும் பிரஸிடென்ஸி காலேஜுக்குச் சென்று, அலெக்ஸாண்டர் பெட்லர் என்ற ஆசிரியரின் பிரசங்கங்களைக் கேட்டார். பெட்லர் வாயால் மட்டும் போதிப்பவரல்லர். வகுப்பின் முன்பாகவே பரிசோதனைகளைச் செய்து காட்டுவதில் வல்லவர். பார்த்ததோடு ராய் திருப்தி அடையவில்லை. தோழர் ஒருவருடைய ஜாகையிலே ஒரு சிறு ரஸாயன சாலை அமைத்து, வகுப்பில் கண்டவற்றைத் தாமே செய்து பார்த்தார். ஒருநாள் தகரத்தினால் செய்வித்த ஊதுகுழல் ஒன்று பெருஞ் சப்தத்துடன் வெடித்தது. தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயமில்லை. மெல்லிய தகரம் வாயுவின் வேகத்தைத் தாங்காது என்ற பாடத்தை எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாகக் கற்றிருக்க முடியாது!

1882-ல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளத்துக்கான போட்டிப் பரீக்ஷையில் வெற்றி பெற்று, ஸ்காத்லாந்து தேசத்திலுள்ள எடின்பரோ சர்வகலாசாலைக்குச் சென்றார். அங்கே அலெக்ஸாண்டர் கிரம் பிரௌன் என்ற பேராசிரியரிடம் பயின்று, 1885-ல் பி.எஸ்ஸி. பட்டமும், 1887-ல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். தாமிரம், மக்னீஷியம் முதலியவற்றின் கந்தகக் கூட்டுப்புக்களைப் பற்றியது அவருடைய ஆராய்ச்சி. பெயரைக் கேட்டால் வறண்ட விஷயமாகவே தோன்றும். ஆனால் ஓர் உப்பில் இன்ன பொருள் இத்தனை பங்கு இருக்கிறது என்று திட்டமாக நிறுத்துச் சொல்லும் பழக்கம் இத்தகைய வேலையினால்தான் கைக்கு வரும். அந்தப் பழக்கமே பின்னால் அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் முதலாயிற்று.

எடின்பரோவில் இருந்தபோதே மற்றொன்றும் நிகழ்ந்தது. 1857-ம் வருஷக் கிளர்ச்சிக்கு முன்னும் பின்னும் இந்தியாவின் நிலைமை என்ற பொருள்பற்றிச் சர்வகலாசாலையார் 1885-ல் ஒரு வியாசப் போட்டி ஏற்படுத்தினர். ராய், பிரிட்டிஷ் ஆட்சியின் குறைகளை ஒளிக்காமல் எழுதினார். பரிசு கிடைக்கவில்லை, வியாசம் மட்டும் மதிக்கப்பட்டது. அதை அச்சிட்டும் வெளியிட்டார். உபகாரச் சம்பளத்தில் காலந்தள்ளிய மாணவர் ஒருவர், அந்நியர் மண்ணிலே இருந்துகொண்டு இதைச் செய்தார் என்பதை நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டும்.

1888-ல் தாய்நாடு திரும்பினார். கையில் உயர்ந்த பட்டமும், பெரிய பேராசிரியர்களின் சிபாரிசும் இருந்தன. உத்தியோகம் மட்டும் இல்லை. கல்வி இலாகாவின் உயர்ந்த பதவிகள் அந்நாளில் அநேகமாக ஐரோப்பியருக்கே உரியனவாயிருந்தன. அதே பட்டம் பெற்று அதே வேலையைச் செய்தாலும் இந்தியனுக்குக் குறைந்த படியும் குறைந்த சம்பளமுமே விதித்திருந்தனர். ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருந்தார். அக்காலத்தில் அவருக்கு உற்ற துணையாயிருந்தவர், இதே அநீதியைத் தம் அளவில் எதிர்த்துப் போராடிய ஜகதீச சந்திர போஸ். கடைசியில் 1889-ம் வருஷம் ஜூலை மாதத்தில், மாதம் 250 ரூபாய் சம்பளத்தில், பிரஸிடென்ஸி காலேஜில் தற்காலிக உதவிப் பேராசிரியராக ராய் நியமனம் பெற்றார். மேலதிகாரியிடம் முறையிட்டார், பயனில்லை. முறையீடு பலிக்காவிட்டால் மனங்கசந்து ஒதுங்குவோர் உண்டு. அண்டிப் பிழைப்போரும் உண்டு. ராய் இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. அந்நியர் தயவு இல்லாமலே இந்திய ரஸாயன மாணவன் கௌரவமாக வாழக்கூடிய ஒரு நிலையை நாமே உண்டாக்குவோம் என்று தீர்மானித்தார்.

அவர் முதலில் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி எது? வித்துவான்கள் வியக்கும் நுட்பமான விஷயமன்று. கல்கத்தா ஜனங்கள் அன்றாடம் உண்ணும் நெய்யும் கடுகெண்ணெயும் ஆகும். இவற்றில் கலப்படம் மிகுந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கலப்படம் என்று சந்தேகிப்பது வேறு, நிரூபிப்பது வேறு. நிரூபிக்க வேண்டுமானால் சுத்தமான பொருளின் இயல்பு முதலில் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் பசு வெண்ணெய்க்குக் கண்ட அளவுகளை, வேறு தீனியும் வேறு சீதோஷ்ணமும் கொண்ட இந்நாட்டு மாடுகளுக்கு அப்படியே பொருத்துவது நியாயமாகாது. ஆகையால் ராய் தம் கண்ணெதிரிலே பாலைக் கறப்பித்து, வெண்ணெய் எடுப்பித்து, நெய் காய்ச்சச் செய்தார். கடுகைத் தம் முன்னிலையிலேயே ஆட்டுவித்து எண்ணெய் எடுத்தார். இவற்றைப் பகுத்து அளவுகளைக் குறித்த பின்னரே கடைச்சரக்கைக் கையில் எடுத்தார். இந்த வேலைக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் சென்றது. முடிவுகள் 1894-ல் வங்காள ஆசிய சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. பகுப்பு ரஸாயனத்தைத் தொழிலாகக் கொள்வோருக்கு இதைவிடச் சிறந்த பாலபாடம் வேறில்லை. ஒத்துப் பார்க்க உண்மையான மாதிரி ஒன்று கையில் இல்லாதவன் பொய்யைக் கண்டுபிடிக்க மாட்டான்.

இதற்கிடையில் மற்றொரு கவலை அவரை வாட்டியது. ரஸாயனத்தில் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்கள் வக்கீல் தொழிலுக்கோ குமாஸ்தா உத்தியோகத்துக்கோ போவதைத் தவிர வேறு வழி இல்லை. நாட்டுக்கு வேண்டிய மருந்துகளெல்லாம் கப்பலில் வந்து இறங்கின; அவற்றுக்கு வேண்டிய மூலப் பொருள்களோ இங்கேயே குப்பையில் கிடந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த ராய், 1892-ல், சுமார் 700 ரூபாய் முதலில், அப்பர் ஸர்க்குலர் ரோடு 91-ம் நம்பர் வாடகை வீட்டிலே பெங்கால் கெமிகல் மருந்துச் சாலையைத் தொடங்கினார். பகலில் கலாசாலை, மாலையில் மருந்துச் சாலை. தாமே திராவகம் கலந்தார்; தாமே தரம் பார்த்தார்; கணக்கும் தாமே பார்த்தார்.

ஆரம்ப காலத்துக் கஷ்டங்களில் ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, அதனைக் கந்தகத் திராவகத்தோடு சேர்த்து, பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துப்புக்களைச் செய்ய அவர் விரும்பினார். கசாப்புக்காரர்களிடமிருந்து மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி வீட்டு மாடியில் உலர்த்தினார். எதிர்பாராத மழை பிடித்துக் கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழுத்தது. காக்கைகள் துண்டுகளைக் கொத்திச் சென்று அண்டை வீடுகளில் போட்டன. அயலார் சீறி எழுந்தனர். உடனே எலும்புகளை மாணிக்தலாவில் ஒரு வெளிநிலத்துக்குக் கொண்டுபோய் இரவில் எரிக்க, ரோந்து வந்த போலீஸ்காரன் யாரோ பிணத்தைத் திருட்டுத்தனமாகக் கொளுத்துகிறார்கள் என்று சந்தேகித்து விட்டான்! நகைப்புக்கு இடமானதுதான். ஆனால் உயர்குலத்தில் பிறந்து, சீமையில் டாக்டர் பட்டம் பெற்று, கலாசாலையில் ஆசிரியராயுள்ள ஒருவர் மாட்டெலும்பைத் தம் கையால் தொட்டு வேலை செய்தார் என்பதிலுள்ள புரட்சியை நாம் நகைப்பிலே மறந்து விடக்கூடாது.

சரக்கு செய்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளூர் மருந்தென்றால் கடைக்காரர் முகம் சுளித்தனர். அப்போது அவருக்குக் கைகொடுத்தவர் டாக்டர் அமூல்ய சரண் போஸ். இவர் கல்கத்தாவின் வைத்தியர்களைக் கண்டு பேசி, சுதேசி மருந்துகளை எழுதிக் கொடுக்கும்படி செய்தார். ஓமத் திராவகமும், ஆடாதோடை முதலிய நம் மூலிகைகளிலிருந்து இறக்கிய மருந்துகளும் ஜனங்களிடம் பரவின. கல்கத்தாவில் கூடிய வைத்தியர் மகாநாட்டில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமூல்ய சரண் போஸ் பிளேக் நோயால் மாண்டார். உழைத்துவந்த இளம் ரஸாயன பட்டதாரி ஒருவர் ரஸாயன சாலையில் கொடிய விஷத் திராவகத்தால் உயிரிழந்தார். பாரம் முழுவதும் ராயின் தலையில் விழுந்தது. அவர் கைவிடவில்லை. 1901-ல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று. 1905-ல், வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசியம் மூண்டெழுந்த அதே வருஷத்தில், மாணிக்தலாவில் தொழிற்சாலை எழுந்தது. அந்நியச் சரக்கைப் பகிஷ்கரிப்போம் என்று மேடையில் கூறியவர்களுக்கு, அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. மருந்து விஷயத்தில் அந்த விடையைப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே ராய் தயாரிக்கத் தொடங்கியிருந்தார்.

தொழிலில் இறங்கியதனால் அவருடைய ஆராய்ச்சி நின்று போயிற்று என்று எண்ண வேண்டாம். 1894-ல் பிரஸிடென்ஸி காலேஜில் புதிய ரஸாயன சாலை ஏற்பட்டது. அங்கே ஒருநாள், காலமல் செய்வதற்காக நீர்த்த வெடியுப்புத் திராவகத்தில் மிகுதியான பாதரசத்தை இட்டு வைத்திருந்தபோது, அடியில் மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்திருக்கக் கண்டார். சாதாரணமாக வேலை செய்வோர் தெரிந்த உப்புத்தான் என்று கழுவி ஊற்றியிருப்பார்கள். ராய் அதைப் பகுத்துப் பார்த்தார். பாதரசமும் நைட்ரைட்டும் கூடிய, அதற்கு முன் எவரும் அறியாத கூட்டுப்பொருள் அது என்று கண்டார். 1896-ல் இந்தச் செய்தி வெளிவந்ததும் ஐரோப்பிய சாஸ்திரிகளின் கவனம் கல்கத்தாவின் பக்கம் திரும்பியது. எளிதில் சிதைந்து போவதென்று கருதப்பட்ட நைட்ரைட்டுகளைப் பற்றிப் பல வருஷம் உழைத்து, 1912-ல் லண்டன் ரஸாயன சங்கத்தின் முன்பு அம்மோனியம் நைட்ரைட்டைப் பற்றிய முடிவுகளையும் சமர்ப்பித்தார்.

நம் முன்னோர் ரஸாயனத்தில் என்ன அறிந்திருந்தனர் என்ற கேள்வியும் அவரை விடவில்லை. பிரெஞ்சு ரஸாயன பண்டிதர் பெர்த்தலோவின் தூண்டுதலால், ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஆராய்ந்து, இந்து ரஸாயன சாஸ்திர சரித்திரத்தின் முதற் பாகத்தை 1902-லும், இரண்டாம் பாகத்தைச் சில வருஷங்களுக்குப் பின்னும் வெளியிட்டார். பழம்பெருமை பேசுவதோடு அவர் நின்றிருந்தால் நமக்கு மகிழ்ச்சியாயிருந்திருக்கும், லாபம் இருந்திராது. அவர் கசப்பான உண்மையையும் எழுதினார். ஜாதிக் கட்டுப்பாடு இறுகி, கைத்தொழில் தாழ்ந்தவர்களுடையது என்று படித்தவர்கள் ஒதுங்கியதனால், ஏன், எவ்வாறு என்று விசாரிக்கும் புத்தி தொழிலாளியிடமிருந்து பிரிந்தது என்றும், அதனாலேயே இந்நாட்டில் ஸயன்ஸ் வாடிற்று என்றும் காட்டினார். மாடியில் எலும்பு உலர்த்திய கையே இதை எழுதிற்று என்பதால் அதற்குத் தனி வலிமை உண்டு.

ஆசாரியர் என்ற பட்டம் அவருக்குச் சர்க்கார் அளித்ததன்று. மாணவர்களின் அன்பு அளித்தது. 1919-ல் சர்க்கார் அளித்த ஸர் பட்டம் அதன் பக்கத்தில் எம்மாத்திரம்? நீல ரத்தன தர், ஞான சந்திர கோஷ், ஞானேந்திர நாத முகர்ஜி முதலிய ரஸாயன நிபுணர்கள் அவரிடம் பயின்றவர்கள். மேகநாத ஸாஹாவும் ஸத்யேந்திர நாத போஸும் அவருடைய மாணவர்களே. கோஷ் பிற்காலத்தில் பெங்களூர் ஸயன்ஸ் கழகத்துக்கும், கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்துக்கும் தலைமை வகித்தார். 1924-ல் இந்திய ரஸாயன சங்கம் தோன்றியபோது அதன் முதல் தலைவர் ராய் அவர்களே.

1916-ல் சர்க்கார் வேலையிலிருந்து விலகி, அசுதோஷ் முகர்ஜி அமைத்த சர்வகலாசாலை ஸயன்ஸ் காலேஜில் பாலித் பேராசிரியராக அமர்ந்தார். 1921-ல் அறுபது வயது நிறைந்தது. அன்று முதல் தம் சம்பளம் முழுவதையும் ரஸாயனப் பகுதியின் வளர்ச்சிக்கும் ஆராய்ச்சி மாணவர்களின் உதவிக்கும் சர்வகலாசாலையிடமே ஒப்புவித்தார். 1936-ல் ஓய்வு பெறும் வரையில் பதினைந்து வருஷம் அவ்வாறே நடந்தது. விவாகம் செய்து கொள்ளவில்லை. காலேஜிலேயே ஓர் அறையில் எளிய உடையும் எளிய உணவுமாகக் காலங்கழித்தார்.

ரஸாயன சாலைக்குள் அடைபட்டு வெளியுலகை மறந்தவரா என்றால், அதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தியடிகளைக் கோகலே மூலம் 1901-ல் அறிந்து, அங்குள்ள இந்தியரின் துன்பத்தை எடுத்துரைக்க 1902 ஜனவரியில் கல்கத்தாவில் பொதுக்கூட்டம் கூட்ட ஏற்பாடு செய்தார். 1922-ல் வட வங்காளம் வெள்ளத்தால் பாழானபோது, நிவாரண சங்கத்தின் தலைமையை ஏற்று, பணமாகவும் பொருளாகவும் சுமார் 25 லட்சம் ரூபாய் திரட்டினார். யந்திரத் தொழிற்சாலை கண்டவர் ராட்டையை ஆதரிக்கலாமா என்று சிலர் கேட்டனர். அவருக்கே முதலில் ராட்டையில் நம்பிக்கை இல்லை. வருஷத்தில் பல மாதம் வேலையற்றிருக்கும் குடியானவனின் நிலையை நேரில் கண்ட பின்னரே கதரை மேற்கொண்டார். தொழிற்சாலை படித்தவனுக்கு வேலை. ராட்டை படியாதவனுக்கு வேலை. இதில் முரண்பாடு எங்கே இருக்கிறது?

இந்தச் சரித்திரத்திலிருந்து நம் வாலிபர்கள் எதைக் கைக்கொள்ள வேண்டும்? பட்டம் என்பது வாசற்படியே யன்றி வீடன்று. பட்டத்தின்மேலுள்ள மோகத்தை ராய் இடைவிடாமல் கண்டித்து வந்தார். பகுப்பு ரஸாயனம் கையாலும் கண்ணாலும் பொறுமையாலும் கற்க வேண்டிய வித்தை. தான் உபயோகித்த குடுவையைத் தானே கழுவக் கூசுபவனும், ஒரே அளவையை மும்முறை நிறுத்துப் பார்க்கச் சலிப்பவனும், எதிர்பார்த்த விடை வராதபோது குறிப்பைத் திருத்துபவனும் இத்துறைக்குத் தகுதியற்றவர்கள். அவன் எழுதித் தரும் ஓர் இலக்கத்தை நம்பி ஒரு நோயாளி மருந்தருந்துகிறான். ஒரு நியாயாதிபதி தீர்ப்பளிக்கிறார். ஒரு தாய் குழந்தைக்குப் பால் புகட்டுகிறாள். ஆகவே இத்துறையில் ஒழுக்கம் என்பது அலங்காரமன்று. அதுவே திறமையின் பாதி.

பெற்றோருக்கும் முதலாளிகளுக்கும் அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை கூறுவோம். கைநிறைய மாணவர்களைப் பயிற்றுவித்து, அவர்களுக்கு வேலை தராமல் விட்டால், அது விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாத குற்றமேயாகும். ராய் இந்த உண்மையை அறிந்ததனாலேயே கலாசாலையையும் தொழிற்சாலையையும் ஒன்றாக வைத்து வளர்த்தார். சுதேசிச் சரக்கு என்ற பெயருக்காகக் குறைந்த தரத்தை ஜனங்கள் சகித்துக்கொள்ள வேண்டுமென்று கேட்பதும் தவறு. சுதேசிச் சரக்கு சோதனையில் தேறித்தான் ஜனங்களிடம் செல்ல வேண்டும்.

ஆசாரியர் ராய் 1944-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி, தாம் வாழ்ந்த அந்தக் காலேஜ் அறையிலேயே காலமானார். சுதந்திரம் வந்ததைக் காண அவர் இல்லை. அவர் தொடங்கிய கம்பெனியைச் சுதந்திர இந்தியாவின் அரசாங்கம் 1980-ல் தேசவுடைமை ஆக்கிற்று. அவர் பிறந்து 150 வருஷம் நிறைந்த 2011-ல், பிரிட்டனின் ராயல் ரஸாயன சங்கம், ஐரோப்பாவுக்கு வெளியே முதன்முதலாக அளிக்கும் நினைவுப் பலகையை அவருக்கு அளித்துக் கௌரவித்தது. எந்தத் தேசத்தவர் ஒரு காலத்தில் அவரைக் கீழ்ப்படியில் நிறுத்தினரோ, அந்தத் தேசத்தின் சங்கமே அதைச் செய்தது என்பது நம் உள்ளத்துக்கு ஆறுதலளிக்கிறது. ஆயினும் பலகை கல்கத்தாவில் இருந்தால் போதாது. தெருக்கடையில் விற்கும் எண்ணெயில் ஒரு துளியைப் பொறுமையுடன் பகுத்து, அஞ்சாமல் உண்மையை எழுதிக் கையொப்பமிடும் ஒவ்வோர் இளைஞனும் அவருக்கு நினைவுச் சின்னமாவான். அத்தகைய சின்னங்கள் ஊருக்கு ஊர் எழ வேண்டுமென்பதே நம் விருப்பம்.